தேதி போடாத வேண்டுகோள்

இன்று காலை உன் படம் மறுபடியும் வந்தது.

அனுப்பியவள் என்னோடு எம்.ஏ. படித்தவள். இப்போது ஓசூரில் வேலை. உன்னைப் பார்த்ததில்லை. "அவசரம். இன்று மாலைக்குள் ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை. தயவுசெய்து பகிரவும்." கீழே ஒரு கைபேசி எண். அது என் எண் என்பதை அவள் கவனிக்கவில்லை. பகிர்வதற்கு விரல் போதும்.

படம் இன்னும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. ஒரு கைபேசியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போதெல்லாம் எதையோ விட்டுவிட்டுப் போகிறது. முதலில் கத்தரிப்பூ நிறப் புடவையின் கரை போனது. பிறகு காதிலிருந்த சின்ன ஜிமிக்கி. இப்போது கண்கள் வெறும் கட்டங்கள். சிரிப்பு மட்டும் தெரிகிறது. உன் தோளில் ஒரு கை. அது என்னுடையது. படத்தைச் செய்தவர் என்னை வெட்டிவிட்டுக் கையை மட்டும் விட்டுவிட்டார்.

நீ இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உனக்கு இன்னும் ரத்தம் தேவைப்படுகிறது.

இதைத் தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, கைபேசியில் எழுதுகிறேன். பிரசவ வார்டுக்கு வெளியே. உள்ளே ஒருத்தி கிடக்கிறாள். அவளுக்கு என்ன ஆகும் என்று தெரியாது. சும்மா உட்கார முடியவில்லை. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாம் தொடங்கியபோது நம்மிடம் இரண்டு கைபேசிகள் இருந்தன. பென்னாகரம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் முருகேசன் அண்ணனின் ஜெராக்ஸ் கடை இருந்தது. அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதுதான் அலுவலகம். பதிவு செய்த அறக்கட்டளை என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் கட்டடத்தைத் தேடுவார்கள். அண்ணன் ஸ்டூலைக் காட்டுவார்.

"இதாங்க ஹெட் ஆபீஸு. பிராஞ்சு வேணும்னா வெளிய நிக்கணும்."

ரத்தம் வேண்டியவரையும் கொடுக்கக் கூடியவரையும் சேர்த்துவைப்பது. அவ்வளவுதான் வேலை. வகைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. எல்லோருக்குமாக ஒரு முகநூல் பக்கம். யாரும் எதுவும் கேட்காத நாட்களிலும் நீ பக்கத்தில் ஏதாவது போடுவாய். யார் ரத்தம் கொடுக்கலாம், கொடுத்த பிறகு என்ன சாப்பிடலாம், ஊசிக்குப் பயந்து ஓடிப்போய்ப் பிறகு தானே திரும்பி வந்த ஒருவரின் கதை. "கேக்கறப்ப மட்டும் வந்து நின்னா சொந்தக்காரனே கதவச் சாத்திக்குவான்" என்பாய்.

விதிகளும் நீ வைத்தவை. வேண்டுகோளில் தேதி இருக்க வேண்டும். எத்தனை மணி வரை என்று இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி, வகை, கூட இருப்பவரின் எண். நோயாளியின் முகம் கூடாது. ரத்தம் கிடைத்ததும் 'கிடைத்தது, நன்றி' என்று போட்டுவிட்டு வேண்டுகோளை அழிக்க வேண்டும். அதற்குள் கிளம்பிவிட்டவர்களை ஒவ்வொருவராக அழைத்துத் திரும்பிப் போகச் சொல்ல வேண்டும்.

கடைசி விதியை நான் கேலி செய்வேன். வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே என்பேன்.

"வர்றவன் கூலிய வுட்டுட்டு வர்றான்டி. அவனுக்கு நீயா சம்பளம் தருவே?"

இண்டூர்க்காரரை நினைத்துக்கொள்கிறேன். நாம் அழைக்கத் தவறிய ஒருவர். மழையில் பைக் ஓட்டி வந்தார். ரத்தம் ஏற்கனவே கிடைத்துவிட்டது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு என்னை இழுத்துக்கொண்டு அவர் தோட்டத்துக்கே போனாய். சாமந்தி பறித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"குரூப்ல இருந்து வெளிய வந்துட்டனுங்க."

"பரவால்லண்ணா. ஆனா ஒரு வார்த்தை திட்டாமப் போயிட்டீங்களே. நாங்க எப்புடிக் கத்துக்கறது? நல்லா திட்டி வுடுங்க, அதுக்குத்தான் வந்தோம்."

"பொண்ணுங்கள எப்புடிங்க திட்டறது."

"இவளத் திட்டுங்க. எம்.ஏ. படிச்சவ. ஒண்ணும் புரியாது."

அவர் சிரித்துவிட்டார். திரும்பும்போது ஒரு பை நிறையப் பூ கொடுத்தார். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாய். "கூட்டம் சேக்கறது வேலையில்லடி. சேந்த கூட்டத்தப் பத்திரமா வூட்டுக்கு அனுப்பறதுதான் வேலை."

நான் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. பூ வாசனை தலையை வலிக்கச் செய்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு அந்தச் சேலம் பயிற்சி. தொண்டு நிறுவனங்கள் சமூக ஊடகங்களைத் திறம்படப் பயன்படுத்துவது பற்றி ஒருநாள் வகுப்பு. ஓட்டல் அரங்கு, எலும்பு நடுங்கும் ஏசி. நீ துப்பட்டாவைத் தலைவரை போர்த்திக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். பயிற்சியாளர் சென்னைக்காரர். திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று காலிக் கட்டில். மற்றது அழும் குழந்தை.

"எதை ஷேர் பண்ணுவீங்க? குழந்தையைத்தானே? அதுதான் பாடம். ஒவ்வொரு பதிவிலயும் ஒரு முகம் இருக்கணும்."

நீ கையைத் தூக்கினாய். "சார், அந்தக் கொழந்தைக்குச் சரியாயிடுச்சுன்னா இந்தப் படத்த எப்புடிங்க திரும்ப வாங்கறது?"

"எதுக்கு மேடம் திரும்ப வாங்கணும்? ரீச் வந்துக்கிட்டே இருக்கும், ஆளுங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க. உங்களுக்கு நல்லதுதானே."

"அதாங்க பயமா இருக்குது."

அரங்கம் சிரித்தது. அவரும் சிரித்தார். நல்ல மனிதர். சாப்பாட்டு நேரத்தில் தட்டோடு வந்து நம் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த நேரத்தில் போட்டால் ஆட்கள் பார்ப்பார்கள், நீளமாக எழுதினால் ஏன் படிப்பதில்லை, கொடுத்தவருக்கு எப்படி நன்றி சொல்வது என்றெல்லாம் சொன்னார். நாம் செய்தோம். பலன் இருந்தது. முகத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் நீ செய்யவில்லை.

போன வருடம். இண்டூர் தாண்டி, உன் ஸ்கூட்டரின் குறுக்கே ஒரு நாய்.

மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் போகிறது என்றார்கள். உடனே அறுக்க வேண்டும். அதற்கு ரத்தம் வேண்டும். நீ ஓ நெகட்டிவ். அதை ஒரு பட்டம் போலச் சொல்லிக்கொள்வாய். "நான் எல்லாருக்கும் குடுக்கலாம். எனக்குக் குடுக்கத்தான் ஆளில்ல."

நான் வேண்டுகோளை எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரெச்சரிலிருந்து கையை நீட்டினாய்.

"குடுடி. நீ எழுதுனா கவிதையா எழுதிக்கிட்டு இருப்பே."

உதடு வெளுத்திருந்தது. கட்டைவிரலால் நீயே அடித்தாய். இன்று மாலைக்குள். கீழே என் எண்ணைப் போட்டாய். அனுப்பினாய். கைபேசியை என் கையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

தேதி போடவில்லை.

மற்றவர்கள் அனுப்பும் வேண்டுகோள்களையெல்லாம் தேதி இல்லை என்று திருப்பி அனுப்பியவள். அழுதுகொண்டிருக்கும் ஆட்களைக்கூட விடமாட்டாய். "அழுவுங்க, பரவால்ல, ஆனா தேதி சொல்லுங்க." உனக்கென்று எழுதும்போது அது உனக்குத் தோன்றவில்லை. வலியில் இருக்கிறவருக்கு வேறு நாளே கிடையாது போல.

மூன்று பேர் வந்தார்கள். இண்டூர்க்காரர், அவர் கொண்டுவந்த இரண்டு பேர். ரத்தம் ஏறியது. அறுவை முடிந்தது. விதிப்படி எல்லாவற்றையும் செய்தேன். 'கிடைத்தது, நன்றி' போட்டேன். அழித்தேன். கிளம்பியவர்களை அழைத்தேன். அதற்குள் எங்கோ, யாரோ, நல்ல மனசுள்ள ஒருவர், ஒரு கல்யாண வீட்டுப் படத்தைத் தேடி எடுத்து உன் முகத்தின் கீழே உன் வரிகளை ஒட்டிவிட்டார். முகம் கிடைத்ததும் அது ஓடத் தொடங்கியது. சென்னைக்காரர் சொன்னது சரிதான்.

ரத்தம் கிடைத்தது. நீ கிடைக்கவில்லை. காய்ச்சல் வந்தது. கிருமி என்றார்கள்.

உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றும் அழைப்பு வந்தது. கோவையிலிருந்து ஒரு மாணவன். "அக்கா, நான் பஸ் ஏறிடவா?"

"வேணாம்பா. கிடைச்சிடுச்சு."

"அவங்க இப்ப எப்படிக்கா இருக்காங்க?"

தெருவில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். உன் அப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "நல்லா இருக்காங்க" என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. வேறு என்ன சொல்வது? முகம் தெரியாத ஒருவர் தன் ரத்தத்தைத் தருகிறேன் என்கிறார். அவரிடம் போய்ச் சாவைச் சொல்லவா? நல்லா இருக்காங்க. திருப்பூரில் நீ நல்லா இருக்கிறாய். வேலூரில் தையல் பிரித்து வீட்டுக்குப் போய்விட்டாய். சென்னையில் ஓர் அம்மாவைப் பொறுத்தவரை நீ வேலைக்கே போகத் தொடங்கிவிட்டாய். உன் ஊரில் மட்டும்தான் நீ இல்லை.

நிறுத்தப் பார்த்தேன். 'இது பழைய செய்தி, பகிர வேண்டாம்' என்று ஒரு படம் செய்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். அது எங்கும் போகவில்லை. நிறுத்து என்பதை யாரும் பகிர்வதில்லை. போன மாதம் ஒருவர் அழைத்துத் திட்டினார். "ஒரு வருசமா இதே பொண்ணுக்கு ரத்தம் கேக்கறீங்களே, என்னா பிசினஸுங்க இது?" அவர் நம் பக்கத்திலும் அதையே எழுதினார். அதன் கீழே பலர். அதற்குப் பிறகு நம் வேண்டுகோள்களை ஆட்கள் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இப்போது இன்றைக்கு வருகிறேன்.

சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்த பெண். இரண்டாவது பிரசவம். குழந்தை நன்றாக இருக்கிறது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. உன் வகை. கையிருப்பில் இருந்தது ஏறிவிட்டது. இன்னும் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்றார்கள்.

விதிப்படி போட்டேன். தேதி. நேரம். ஆஸ்பத்திரி. முகம் இல்லை. நம் ஓ நெகட்டிவ்காரர்களில் ஒருவர் துபாயில். ஒருவர் கொடுத்து மூன்று மாதம் ஆகவில்லை. இண்டூர்க்காரருக்குக் காய்ச்சல். மற்றவர்களிடமிருந்து கும்பிடும் கைகள் வந்தன. வரிசையாக, மஞ்சள் நிறத்தில். கைகள் மட்டும்.

முருகேசன் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். "உள்ள கெடக்கற புள்ள மூஞ்சியப் போட்டுரு கண்ணு. இப்புடிப் போட்டா எவன் பாக்கறான்?"

அவள் புருஷன் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். "போடுங்கக்கா. எத வேணாலும் போடுங்க." தன் கைபேசியிலிருந்து அவள் படத்தை எடுத்துக்கூட வைத்திருந்தான். திருவிழாவில் எடுத்தது. குளிர்கண்ணாடி போட்டிருந்தாள்.

அவளுடைய அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார், குழந்தையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு. அவர்தான் தலையைத் தூக்கினார்.

"வேணாஞ்சாமி. நாளைக்கி எம்புள்ள எந்திரிச்சு சந்தைக்கு வருவா. பாக்கறவனெல்லாம் அந்தப் பொண்ணு இவதான்னு கை காட்டுவான். அவ எப்புடி நடப்பா?"

எந்திரிச்சு வருவா. வந்தால் என்று அவர் சொல்லவில்லை.

படத்தைப் போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. நான் மூன்றாவது முறையாக அதே ஆட்களை அழைத்துக்கொண்டிருந்தேன். அப்போது புதிய எண்ணிலிருந்து அழைப்பு.

"வணக்கமுங்க. பாலக்கோட்ல இருந்து பேசறனுங்க. ஒரு பொண்ணு படம் பாத்தேன். ஓ நெகட்டிவ் வேணும்னு. எனக்கும் அதானுங்க. இன்னும் வேணுமுங்களா?"

பழக்கத்தில் வாய் திறந்தது. கிடைச்சிடுச்சுங்க. அந்த வார்த்தை பாதியில் நின்றது.

"வேணுமுங்க," என்றேன். "சீக்கிரம் வாங்க. தருமபுரி ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு."

பொய் இல்லை. உண்மையும் இல்லை. உன் முகத்தை வைத்து ஓர் ஆளை வரவழைத்தேன். நீ இருந்தால் கைபேசியைப் பிடுங்கியிருப்பாய். நீ இருந்தால்.

அவர் வந்தார். தக்காளி மண்டியில் வேலை. சட்டையில் சாறு காய்ந்திருந்தது. "சாப்பிட்டுத்தான் வந்தேனுங்க. வெறும் வயித்துல குடுக்கக் கூடாதாமா." கையில் கைபேசி, அதில் உன் படம். வழிகேட்டு வருகிற ஆள் முகவரியைப் பிடித்திருப்பதுபோலப் பிடித்திருந்தார். "அந்தப் பொண்ணு எங்கீங்க? ஒரு தடவ பாத்துட்டுப் போய்க் குடுக்கறேன்."

ரத்தம் எடுத்த பிறகு சொல்லியிருக்கலாம். அது சுலபம். இப்போதே சொன்னால் அவர் போய்விடலாம். போனால் உள்ளே இருப்பவளுக்கு வேறு யாரும் இல்லை. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால் மறைக்க முடியவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"அண்ணா, அந்தப் பொண்ணு இல்லீங்க. போன வருஷமே செத்துட்டா. இது வேற பொண்ணு."

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப போன்ல வேணும்னு சொன்னீங்களே."

"இவங்களுக்கு வேணுங்கண்ணா."

"அத அப்பவே சொல்லியிருந்தா நான் வர மாட்டேன்னு நெனச்சீங்களா?"

"ஆமாங்க."

அது அவருக்கு வலித்தது. முகத்தில் தெரிந்தது. "செத்த புள்ளைய வச்சா ஆளக் கூப்புடுவீங்க? ச்சீ." திரும்பி நடந்தார். மாடிப்படிவரை போனார். இறங்கினார். நான் கூப்பிடவில்லை. புருஷன்காரன் ஓட எழுந்தான். முருகேசன் அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். குழந்தை அழ ஆரம்பித்தது. ஒரு பூனைக்குட்டி அழுவதுபோலச் சின்னதாக.

அவர் திரும்பி வந்தார். யாரையும் பார்க்கவில்லை.

"எங்க வந்து குடுக்கணும்?"

கொடுத்தார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிடாமல் கையில் வைத்திருந்தார். அவர் கைபேசி அடித்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"வூட்டுக்காரி. அவதான் படத்தப் பாத்துட்டு என்னைக் கெளப்பி வுட்டவ. அந்தப் பொண்ணு எப்புடி இருக்குதுன்னு கேக்கறா. எனக்குச் சொல்ல வரல. நீங்களே சொல்லுங்க."

வாங்கினேன்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு எப்புடிம்மா இருக்குது?"

நல்லா இருக்காங்க. அது நாக்கு வரை வந்தது. ஒரு வருடமாக அங்கேயே குடியிருப்பது. எதிரில் அவர் உட்கார்ந்திருந்தார், முழங்கை மடிப்பில் பஞ்சோடு.

"இல்லீங்கம்மா. அவ போயிட்டா."

"எப்பம்மா?"

"போன வருஷம்."

அந்தப் பக்கம் அழுகை. உன் பெயர்கூடத் தெரியாத ஒருவர், பாலக்கோட்டில் ஏதோ ஒரு வீட்டில், உனக்காக அழுதார். இத்தனை நாள் நான் உன்னை எல்லா ஊரிலும் உயிரோடு வைத்திருந்தேன். அதனால் எந்த ஊரிலும் யாரும் உனக்காக அழ முடியவில்லை. நானும் அழுதேன். தாழ்வாரத்தில், அந்நியர் ஒருவரின் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, சத்தமாக. உனக்காக நான் அப்படி அழுதது இதுதான் முதல்முறை.

வெகுநேரம் கழித்து அவர் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டார்.

"அப்ப எங்க வூட்டுக்காரர் யாருக்கும்மா குடுத்தாரு?"

"வேற ஒரு பொண்ணுக்குங்க. புள்ள பெத்திருக்கா."

"அது பொழைக்குமா?"

"தெரியலீங்க."

"தெரிஞ்சதும் சொல்லு. நல்லதா இருந்தாலும் சொல்லு, கெட்டதா இருந்தாலும் சொல்லு. என்னான்னு தெரியாம கெடக்கறதுதான் முடியல."

அவருடைய எண்ணைக் கேட்டுப் பதிந்துகொண்டேன்.

சோதனையெல்லாம் முடிந்து ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். பாலக்கோட்டுக்காரர் கடைசிப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார். போகும்போது உன் படத்தை என் கண் முன்னால் அழித்தார். எனக்குக் காட்ட அல்ல. அவர் பாட்டுக்கு அழித்தார்.

அந்த அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார். குழந்தையை என் மடியில் கிடத்திவிட்டு. இவ்வளவு சின்னதை நான் வைத்திருந்ததில்லை. கட்டைவிரல் ஒன்றால்தான் எழுத முடிகிறது. வார்டுக் கதவு ஒவ்வொரு முறை அசையும்போதும் இதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறேன். யாரோ வருகிறார்கள், யாரோ போகிறார்கள். இன்னும் எங்களைக் கூப்பிடவில்லை.

கூப்பிட்டால் முதலில் அந்த அம்மாவிடம் சொல்வேன். அப்புறம் பாலக்கோட்டுக்கு. எதுவாக இருந்தாலும், நடந்ததை நடந்தபடி.